மழை வர்ற மாதிரி கீது, சுலோச்சனா

நைனா,

யாரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று உன் அம்மாவின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்து தொடங்கலாம் என்றுதான் இருந்தேன். "உன் தலமேலயே வெச்சிக்கோ, அது காலியாத்தான கீது" என்று சொல்லிவிட்டாள். ஆகவே என் தலைமேலேயே கைவைத்துச் சொல்கிறேன்: நீ இதை நம்பமாட்டாய். அதற்கு முழுக் காரணமும் நான்தான். பழவேற்காட்டுப் பூநாரை ஒன்று என் டிஷ் ஆன்டெனாவின்மேல் ஒற்றைக்காலில் நின்று மூன்று மாதம் சீரியல் பார்த்தது என்று உனக்குச் சொன்னவன் நான். ஆரணியாற்றில் வெள்ளம் வந்தபோது வி.சி.ஆரைத் தலையில் வைத்துக்கொண்டு எதிர்நீச்சல் போட்டு ஆந்திரா வரைக்கும் போய், அங்கே நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, வெள்ளத்தோடு திரும்பி வந்தேன் என்று சொன்னவனும் நான். அதைக் கட்டுரை நோட்டில் எழுதிக்கொண்டு போய் நீ வகுப்பில் முட்டி போட்டாய். அப்படிப்பட்ட வாயிலிருந்து ஒரு நிஜம் வந்தால் அதற்கு வழி தெரியாமல் தடுமாறத்தான் செய்யும். பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை காலை நம் வாசலில் உன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடவேண்டும். அதற்குமுன் நீயும் தீபாவும் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்திருக்க வேண்டும் என்பது தீபாவின் அப்பா ஏழுமலை எனக்கு விதித்திருக்கும் நிபந்தனை. படித்தபின் நீங்கள் இருவரும் சேர்ந்து என்ன சொல்கிறீர்களோ, அதன்படிதான் கால் நடுவதா வேண்டாமா என்பது. இன்று செவ்வாய்க்கிழமை. நேற்று ராத்திரி எழுத உட்கார்ந்து, நான்கு தாள் எழுதி, நான்கையும் கிழித்தேன். நான்கிலும் நான்தான் கதாநாயகனாக வந்தேன். இது ஐந்தாவது. என் பழைய கேபிள் நிகழ்ச்சிக்காக உன் போனில் நீ நடத்துகிறாயே 'பதினொன்றரை' குழு, அதிலும் இதைப் போட்டுவிடு. அன்று ஊருக்கே கேட்கும்படி நடந்த தப்பை இன்று உன் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லி முடித்துக்கொள்வது நியாயமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டி ஒன்று வந்தது, நினைவிருக்கிறதா. நீ பிளேடால் டேப்பைக் கிழித்து, கறுப்பு டி-ஷர்ட் ஒன்றை உதறி, என் நெஞ்சில் வைத்து அளவு பார்த்தாய். வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: 'மழை வர்ற மாதிரி கீது, சுலோச்சனா.' "ரிசப்ஷன் அன்னிக்கி நம்ம குரூப்பு பசங்க மொத்தமும் இதாம்பா. தீபா அப்பாவுக்குக் கூட ஒண்ணு கடையிலேந்து நேத்தே நேரா அனுப்பிட்டேன்" என்றாய். நான் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, சைஸ் பத்தலியா?" என்று கேட்டாய். பத்தவில்லை நைனா. ஆனால் சட்டையின் அளவு அல்ல.

உன் குழுவில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த ராத்திரிகளில் தொட்டிலில் கிடந்தவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. அப்போது கும்மிடிப்பூண்டியில் கேபிள் டி.வி. என்றால் நான்தான். மார்க்கெட் தெருவில் ஒரு மாடி அறை. அதில் இரண்டு வி.சி.ஆர்., ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், ஒரு ஓட்டை ஃபேன். அந்த அறைக்குக் கன்ட்ரோல் ரூம் என்று பெயர். எதைக் கன்ட்ரோல் செய்தேன் என்று கேட்காதே; பருவமழையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். ஊரில் குழந்தை முதல் கிழம் வரை என்னை மாமா என்றே கூப்பிட்டார்கள். என்னைவிட இருபது வயது மூத்த போஸ்ட் மாஸ்டர்கூட மாமா என்றார். சிப்காட்டில் இரண்டாவது ஷிப்டு பத்து மணிக்கு முடியும். உருக்காலைச் சூட்டில் எட்டு மணிநேரம் நின்றவனுக்கு வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டாலும் தூக்கம் வராது, கண் எரியும். அவர்களுக்காகத்தான் பதினொன்றரைக்கு ஆரம்பித்தேன்.

முதலில் பாட்டுதான். நெடுஞ்சாலையில் நின்றுபோகும் லாரிக்காரர்கள் டீக்கடையில் விட்டுப்போகும் கேசட்டுகள். எந்த ஊர், எந்த பாஷை, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. திரையில் ஒரு ரோஜாப்பூவின் படம் அசையாமல் நிற்கும். பின்னால் யாரோ உடுக்கை மாதிரி ஒன்றை அடித்துக்கொண்டு, மூக்கடைத்த குரலில், பாடுகிறானா தும்முகிறானா என்று தெரியாமல் ஏழு நிமிடம் உயிரை விடுவான். மறுநாள் ரேஷன் கடை வரிசையில் பெண்கள் அதை முணுமுணுப்பார்கள். ஒருநாள் பீகார்ப் பையன்கள் நாலு பேர் கன்ட்ரோல் ரூம் படியில் வந்து நின்றார்கள். ஒருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, எங்க ஊர் கல்யாணப் பாட்டு, இன்னொரு வாட்டி" என்றான். தும்மல் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது, பெண்ணை அனுப்புகிற தகப்பனின் அழுகையாம். அன்று ராத்திரி அதையே ஒன்பது தடவை போட்டேன். சரி, மூன்று தடவை.

சீரியல் வந்தது ஒரு தப்பில். புரட்டாசி சனிக்கிழமைக்குப் பெருமாள் படம் போடுவதாக மூன்று நாளாகத் திரையில் எழுத்து ஓடவிட்டிருந்தேன். பாரிமுனையில் பழைய வீடியோ கேசட் விற்பவர் 'பக்தி' என்று எழுதி ஒட்டிய பெட்டி ஒன்றைக் கொடுத்தார். பெட்டி நிறையக் கேசட். கைக்கு முதலில் வந்ததைப் போட்டுப் பார்க்காமல் அப்படியே வி.சி.ஆரில் தள்ளினேன். ஊரே விரதமிருந்து குளித்துவிட்டு டி.வி. முன்னால் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. திரையில் ஒரு மொட்டைத்தலையன், கையில் பெட்டி, பக்கத்தில் ஒரு ஆடு. இருவரும் லிஃப்டில் ஏறுகிறார்கள். லிஃப்டு ஒவ்வொரு மாடியிலும் நிற்கிறது. ஒரு மாடியில் பாலைவனம், அடுத்த மாடியில் ஆஸ்பத்திரி, அதற்கடுத்ததில் டைப் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு பெண். பேசுகிற பாஷை பூலோகத்தில் எங்கே பேசுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழே தெருவில் சத்தம் எழும்பிவிட்டது. கேசட்டின் ஒலியை அடைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன். "பக்தர்களே, இவர்தான் மாணிக்கம். பெருமாள் எந்த மாடியில் கீறார்னு தேடிக்கினு போறாரு" என்றேன். தெருவில் சத்தம் அடங்கியது. அப்படிப் பிடித்த மைக்கை மூன்று வருடம் விடவில்லை.

தினமும் கால்மணி நேரம் ஓட்டுவேன். எழுதி வைத்துக்கொள்வதில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் வந்ததைச் சொல்வேன். மொட்டை மாணிக்கம் நான். டைப் அடிக்கும் பெண்ணுக்குச் சுலோச்சனா என்று பெயர் வைத்தேன். அவளுக்குக் குரல் உன் அம்மா. ஆட்டுக்குக் குரல் ஏழுமலை. அவன் ஒரு உருக்காலையில் கான்ட்ராக்ட் ஆள், இரண்டாவது ஷிப்டு. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே மாடியேறி வந்து, கையை வாயில் குவித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தமிழ்நாட்டு ஆடுகள் அவனிடம் பாடம் கேட்கவேண்டும்; அப்படிக் கத்துவான். அவன் கத்தினால் திருப்பாச்சூர் வரைக்கும் ஆடுகள் பதில் சொல்லும் என்று நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். பதில் சொன்னது எதிர்வீட்டு ஆடு ஒன்றுதான்.

இப்போது துண்டுச்சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் முக்கியம். சிப்காட் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஒரு காலி பிஸ்கட் டப்பாவை வைத்திருந்தோம். ஆலையில் யாருக்கு என்ன குறை இருந்தாலும் ஒரு சீட்டில் எழுதி அதில் போடலாம். பெயர் போடக்கூடாது. கையெழுத்துத் தெரியாமலிருக்க இடது கையால் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ராத்திரி ஏழுமலை வரும்போது அந்த டப்பாவை எடுத்து வருவான்; நான் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, அதை மாணிக்கத்தின் வாயில் போடுவேன். கேன்டீன் சோற்றில் கல் என்று சீட்டு வந்தால், மாணிக்கம் ஏதோ ஒரு மாடியில் எதையோ மென்றுவிட்டு, "சுலோச்சனா, பல்லு பூட்ச்சி" என்பான். மறுவாரம் அரிசி மாறும். குறை சொன்னது யார்? யாருமில்லை, மொட்டை சொன்னான். மொட்டையை எந்தக் கம்பெனியும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. மூன்று வருடம் கும்மிடிப்பூண்டியை ஆண்டவன் மாணிக்கம்தான். நான் அவனுக்குத் தலைமைச் செயலாளர். அப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தேன்.

அந்த ராத்திரி. உன் அம்மாவுக்கு அப்போது நீ ஆறாம் மாதம். பதினோரு மணி சுமாருக்கு, ஏழுமலையின் ஆலையில் கிரேன் வேலைகளை எடுத்திருந்த கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்தார். எப்படி வந்தார் என்று கேள். மூன்று ஜீப்பில் வந்தார். ஜீப்புக்கு ஆறு ஆள், ஒவ்வொருத்தன் மீசையும் சைக்கிள் ஹேண்டில்பார். படியேறும்போது மாடி ஆடியது. என் மேஜைமேல் காலைத் தூக்கி வைத்து டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தார்கள். குடித்த கிளாஸைச் சுவரில் அடித்து உடைத்தார்கள். "உன் கேபிளு ஒயரு எங்க காம்பவுண்டு மேலதான போவுது? நல்லா கீது. அறுந்துடாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதுதான் நான் ஏழுமலையிடமும் சொன்ன கதை. அதை இங்கே அப்படியே வைத்துவிட்டு மேலே போகிறேன்.

பதினொன்றரைக்கு மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்கு இடப்பக்கம் ஏழுமலை, வலப்பக்கம் உன் அம்மா. டப்பாவைத் திறந்து மேலே கிடந்த முதல் சீட்டை எடுத்தேன். கோணல்மாணலான எழுத்து. 'மூணாம் நம்பர் கிரேன். கயிறுல பிரி அறுந்துகீது. அப்படியே தூக்கறாங்க. சொல்லு.' நான் படித்து முடித்து நிமிர்ந்தேன். அந்த நிமிடம் திரையில் என்ன வந்தது தெரியுமா? இதைத்தான் நீ நம்பமாட்டாய், ஆனால் கேசட் பரணில் இருக்கிறது, போட்டுப் பார்த்துக்கொள். லிஃப்டு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுகிறது. மாணிக்கம் அண்ணாந்து பார்க்கிறான். அடுத்து திரை முழுக்க ஒரு இரும்புக் கயிறு. வேறு எதுவுமில்லை. கயிறு, கயிறு, கயிறு. அந்த வெளிநாட்டு டைரக்டர் எனக்காகவே எடுத்து வைத்த மாதிரி அது அசையாமல் நின்றது. நான் பேசவில்லை. எத்தனை வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்களோ. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, உன் அம்மா தானாகவே சுலோச்சனா குரலில் எடுத்துக் கொடுத்தாள்: "இன்னா மாணிக்கம், மேலயே பாத்துக்கினு கீற?"

ஊரே கேட்ட கேள்வி அது. பதில் என் கையில் இருந்தது. 'கயிறு அறுந்துகீது சுலோச்சனா, கீழ யாரும் நிக்காதீங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆறு சொல். நான் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "மழை வர்ற மாதிரி கீது, சுலோச்சனா."

நாலுபக்கமும் அடைத்த லிஃப்டுக்குள் நின்றுகொண்டு ஒருத்தன் மழை வரும் என்கிறான். தெருவில் வீட்டுக்கு வீடு சிரிப்பு கிளம்பியது. எனக்கு மாடிவரை கேட்டது. என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகப்பெரிய சிரிப்பு அது. அடுத்து ஆடு கத்தவேண்டிய இடம். ஆடு கத்தவில்லை. திரும்பிப் பார்த்தேன், ஏழுமலை கையை வாயில் குவித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். ஷிப்டு களைப்பு, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான் என்று நினைத்தேன். முடிந்ததும் உன் அம்மா, "இன்னா சீட்டு அது?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல, கேன்டீனு" என்றேன்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் மூணாம் நம்பர் கிரேனின் கயிறு அறுந்தது. இரும்புக் கட்டு இறங்கி ஏழுமலையின் வலது பாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போனது. இரண்டடி தள்ளி நின்றிருந்தால் ஒன்றுமில்லை. இரண்டடி இந்தப்பக்கம் நின்றிருந்தால் தீபா என்று ஒருத்தி இல்லை. ஆஸ்பத்திரியில் நான் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்தேன் தெரியுமா? சிரிப்புக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரனெல்லாம் தையல் பிரியச் சிரித்தான். ஏழுமலையும் சிரித்தான். அன்றிலிருந்து நான் மாணிக்கத்தை ஓட்டவில்லை. சீரியல் ஏன் பாதியில் நின்றது என்று உன் குழுவில் ஆளுக்கொரு காரணம் எழுதுகிறீர்கள். கேசட்டை வி.சி.ஆர். மென்றுவிட்டது என்பது நான் போஸ்ட் மாஸ்டருக்குச் சொன்னது. ஆடு தின்றுவிட்டது என்பது உனக்குச் சொன்னது. வெளிநாட்டுத் தூதரகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது என்பது உன் அம்மா வழி உறவுக்குச் சொன்னது. அந்தக் குழுவில் ஒரு பையன் அந்த மழை வரிக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறான். மூடிய பெட்டிக்குள்ளும் மழையை எதிர்பார்க்கிற மனிதனின் நம்பிக்கையாம். நல்ல பையன். அவனிடம் சொல், அது ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்ட சத்தம்.

நீ டி-ஷர்ட்டுகளை மடித்து வைத்துவிட்டு வெளியே போனதும், உன் அம்மாவிடம் அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல்முறை. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "கேள்விய நான்தான கேட்டேன்" என்றாள். அதைத்தான் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "போய் சொல்லிட்டு வா. சோறு அப்பறம்." பெரியபாளையம் வழியாக ஸ்கூட்டரில், ஏழுமலை இப்போது இருக்கும் மணவாள நகர் போய்ச் சேரும்வரை ஏழு விதமாக எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஏழிலும் ஜீப் இருந்தது.

ஏழுமலை அவனுடைய ஜெராக்ஸ் கடையில் யாருடைய ரேஷன் கார்டையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தான். "இன்னா மாமா, மூஞ்சி இப்டி கீது? பத்திரிகல எதனா தப்பா?" என்றான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். சீட்டு, கயிறு, மழை, எல்லாம். அதற்குமுன் ஜீப்பும் மீசையும் உடைந்த கிளாஸும். அவன் மெஷினின் மூடியை மூடினான்.

"ஜீப்புலயா வந்தாங்க?"

"மூணு ஜீப்பு."

"ம்."

"சீட்டு யாரு எழுதினதுன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது ஏழுமல. அந்த மனுஷன் எங்க கீறானோ. அவன் கால்லயும் நான் விழணும்."

அவன் வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்தான். பேனாவை இடது கையில் பிடித்தான். எழுதி என்பக்கம் தள்ளினான். 'மூணாம் நம்பர் கிரேன்.' அதே கோணல். அதே மாதிரி 'மூ' சரிந்து விழுந்துகிடந்தது. வாசலில் ஒருத்தர், "ஆதார் கலர்ல வருமா?" என்று கேட்டார். "வரும், குந்துங்க" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, ஏழுமலை என்னிடம் திரும்பினான்.

"டப்பாவுல மேலாப்ல வெச்சேன். மொத சீட்டா எடுப்பியேன்னு."

"என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமேடா. பக்கத்துலதான குந்திக்கினு இருந்த."

"உன்கிட்ட சொன்னா உனக்குத் தெரியும். மாணிக்கம் சொன்னா ஊருக்குத் தெரியும். நான் ஒருத்தன் தள்ளி நின்னா என்னிய கேட்டுக்கு வெளிய தள்ளிடுவான் மாமா. ரெண்டாவது ஷிப்டு மொத்தமும் தள்ளி நின்னா கயித்த மாத்துவான்."

"தெரிஞ்சும் மறுநாள் ஏன்டா போன?"

"இன்னிக்கி சொல்லல, நாளைக்கு சொல்லுவன்னு நெனச்சேன்."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ ஒரு கத சொல்லுவ. அது நல்லாவும் இருக்கும். நானும் சிரிச்சிடுவேன். அந்தப் பேஜாரு எதுக்குன்னு உட்டுட்டேன்" என்றான். கலர் ஆதார் எடுத்துக் கொடுத்தான். அவர் போனபிறகு மேஜைக்கு அடியிலிருந்து நீ அனுப்பிய டி-ஷர்ட்டை எடுத்து மேலே வைத்தான். மடிப்புக் கலைந்திருந்தது. "நேத்து போட்டுப் பாத்தேன். அளவு சரியா கீது. தீபா உழுந்து உழுந்து சிரிச்சா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

கல்யாணத்தைப் பற்றி நான்தான் கேட்டேன். அவன் சொன்னான்: "உண்டு இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். என் காலு என்னோட. அத்தக் காட்டி அதுங்க வாழ்க்கய நிறுத்த மாட்டேன், தெரியாம தாலி கட்டவும் உட மாட்டேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ரெண்டும் படிக்கிற மாதிரி நீ உன் கைப்பட எழுதிக் குடு. சரின்னா நான் மணையில வந்து நிக்கறேன். வேணாம்னா ஏன்னு கேக்க மாட்டேன்." நான் எழுந்து படி இறங்கியபிறகு, நொண்டிக்கொண்டே ஸ்கூட்டர்வரை வந்தான். "ஜீப்ப எறக்கிட்டு எழுது மாமா. அன்னிக்கி பஸ்ஸு லேட்டு, நான் எறங்கி வர்றப்போ அந்த சூப்பர்வைசரு மொபெட்ட ஸ்டார்ட் பண்ணிக்கினு இருந்தாரு. நான்தான் வழி உட்டேன்."

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன், அப்பன் என்றால் அது ஒரு வியாதி. நீயும் என்னைப்போலச் சிரிக்க வைக்கிறவன். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, அம்மா அடிக்கக் கை ஓங்கும்போது அவளைச் சிரிக்க வைத்துத் தப்பித்தவன். நான் பெருமைப்பட்டேன், அப்போதே ஒரு அறை விட்டிருக்க வேண்டும். நாளைக்குத் தீபாவோ வேறு யாரோ ஒரு விஷயத்தை உன் கையில் கொடுத்து 'சொல்லு' என்றால், அது நன்றாக இருக்குமா, ஜனம் ரசிக்குமா என்று பார்க்காதே. அது எழுதியிருக்கிறபடி சொல். அந்தச் சீட்டில் நகைச்சுவை எதுவும் இல்லை நைனா. அதனால்தான் எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டி-ஷர்ட்டுகளை என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே. அந்த வரி இப்போது உங்களுடையது. பாட்டையும் சீரியலையும் வெறுக்காதே. அந்த பீகார்ப் பையனின் அழுகையும், உன் அம்மாவின் சுலோச்சனாவும், சூட்டில் வெந்துவந்த ஜனங்கள் நடுராத்திரியில் ஒன்றாகச் சிரித்ததும் பொய்யில்லை. நடுவில் நான் ஒருத்தன்தான் பொய்.

இனி ஜீப்பை இறக்குகிறேன். ஜீப் இல்லை. மூன்றும் இல்லை. ஆறு ஆளும் மீசையும் இல்லை, மேஜைமேல் யாரும் கால் வைக்கவில்லை, கிளாஸ் உடையவில்லை. கேபிள் ஒயரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மிரட்டலை நான்தான் பிறகு செய்துகொண்டேன், எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததால். சூப்பர்வைசர் தனியாக மொபெட்டில் வந்தார். ஒல்லியான மனிதர். வாசலிலேயே செருப்பை விட்டார். "நாளைக்குப் பாப்பாவுக்குப் பொறந்த நாளு மாமா. அந்தத் தும்முற பாட்டு அவளுக்கு உசுரு. பேரு சொல்லிப் போடுவீங்களா? ஊட்ல எல்லாரும் தெனம் உங்களத்தான் பாக்கறோம்" என்றார். எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது. கால்மணி நேரம் கழித்து சீட்டைக் கையில் எடுத்தபோது எனக்குப் பயம் இல்லை. அந்த மனிதர் வீட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் முகம் வாடிவிடுமே என்றுதான் நினைத்தேன். அவ்வளவு சின்ன விஷயத்துக்குத்தான்.

ஜீப் கதையில் ஒன்றே ஒன்று நிஜம்: அவர் டீ குடித்தார். நான்தான் கீழே இறங்கிப் போய், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லி, வாங்கிவந்து கொடுத்தேன்.

உன் அப்பா